புருவமும் கேசம்தான்: சீக்கியர்கள் உடலின் எந்த முடியையும் வெட்டாதது ஏன்?

2009 மே மாதம் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. புருவத்தைத் திருத்திக்கொண்ட ஒரு மாணவிக்குச் சீக்கியர் ஒதுக்கீட்டில் எம்பிபிஎஸ் இடம் மறுக்கப்பட்டது சரிதான் என்பது தீர்ப்பு. 2012-ல் அமெரிக்காவில் ஒரு சீக்கியக் கல்லூரி மாணவியை யாரோ அவருக்குத் தெரியாமல் விமான நிலையத்தில் படமெடுத்து, அவர் முகத்தில் முடி இருப்பதைக் கேலி செய்து இணையத்தில் போட்டார்கள். 2025 செப்டம்பர் 30 அன்று அமெரிக்கத் தளபதிகளைக் கூட்டி வைத்துப் பேசிய பாதுகாப்புத் துறைத் தலைவர் பீட் ஹெக்செத், படையில் இனித் தாடிக்கு இடமில்லை என்றார். சீக்கிய வீரர்கள் கலங்கிப் போனார்கள்.

தலைமுடி வளர்ப்பதும் தலைப்பாகை கட்டுவதும் நமக்குப் பழகிய காட்சி. ஆனால் புருவத்தில் நாலு முடியை எடுத்தால் ஒருவர் சீக்கியர் இல்லை என்று ஆகிவிடுமா? ஒரு பெண் ஏன் மேலுதட்டு முடியை அப்படியே விடுகிறார்? வேலையே போகும் என்றாலும் ஒரு வீரர் ஏன் தாடியை எடுக்க மறுக்கிறார்? செய்திகளில் பெரும்பாலும் 'மத நம்பிக்கை' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்த இரண்டு சொல்லுக்குள் முந்நூறு ஆண்டுக் கதை இருக்கிறது. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

இந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் இவை. இவற்றுக்கு இடையே உள்ள வித்தியாசம் பிடிபட்டால் நீதிமன்ற வழக்குகள் பாதி புரிந்த மாதிரி.

1. கேசம்: பஞ்சாபியில் 'கேஸ்'. நாம் தலைமுடியைத்தான் கேசம் என்போம். சீக்கிய ஒழுக்கத்தில் தலைமுடி, தாடி, மீசை, புருவம், கைகால் முடி எல்லாமே காக்கப்பட வேண்டியவை.

2. ஐந்து 'க': கேசம், கங்கா என்ற மரச்சீப்பு, கடா என்ற இரும்பு வளை, கச்சேரா என்ற பருத்தி உள்ளாடை, கிர்பான் என்ற வாள். இந்த ஐந்தில் உடலோடு பிறந்து வருவது கேசம் மட்டுமே.

3. அம்ரித்தாரி: அம்ரித் என்ற தீட்சை பெற்று, ஐந்து 'க'வையும் ஏற்றவர்.

4. கேஷ்தாரி: முடியை வெட்டாமல் வைத்திருப்பவர். தீட்சை பெற்றிருக்கலாம், பெறாமலும் இருக்கலாம்.

5. சஹஜ்தாரி: சீக்கிய நெறியை ஏற்று மெல்ல மெல்ல அதற்குள் வருபவர். முழு ஒழுக்கத்தையும் இன்னும் ஏற்காதவர்.

6. பதித்: 'விழுந்தவர்' என்று பொருள். கேசம் காத்த நிலையிலிருந்து அதைக் கைவிட்டவர். வலிக்கும்படியான சொல்தான், சட்டப் புத்தகத்திலும் இருக்கிறது.

7. ரெஹத் மரியாதா: சீக்கியர் ஒழுக்க விதித்தொகுப்பு. பல ஆண்டு ஆலோசனைக்குப் பிறகு 1945-ல் இன்றைய வடிவத்தில், குருத்வாராக்களை நிர்வகிக்கும் அமைப்பான சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி அதை ஏற்றது. தீட்சை பெற்றவர் செய்யக்கூடாத நான்கு பெருங்குற்றங்களை அது பட்டியலிடுகிறது. முதலில் வருவது கேசத்துக்கு அவமதிப்புச் செய்வது. புகையிலையும், பிறன்மனை உறவும், சடங்கு முறையில் அறுத்த இறைச்சியும் மற்ற மூன்று.

தீட்சை பெறாத வீடுகளையும் இந்தத் தொகுப்பு விட்டுவிடவில்லை. குழந்தை எந்த முடியோடு பிறந்ததோ அதைப் பெற்றோர் தொடக்கூடாது என்கிறது. அதாவது 'முதல் மொட்டை' என்பதே சீக்கிய வீட்டில் கிடையாது.

1699-ல் நடந்தது

1699 வைசாகி நாளில் அனந்த்பூர் சாஹிபில் பத்தாவது குரு கோவிந்த் சிங், தீட்சை பெற்ற சீக்கியர்களின் சமூகமான கால்சாவை நிறுவினார். கூடியிருந்தவர்களிடம் அவர் தலையைக் கேட்டதும், ஒவ்வொருவராக ஐந்து பேர் எழுந்து வந்ததும் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த ஐவரும் வேறு வேறு சாதி, வேறு வேறு ஊர். லாகூர், ஹஸ்தினாபூர், துவாரகை, பூரி ஆகிய ஊர்களிலிருந்து நால்வர். ஐந்தாமவர் கர்நாடகத்தின் பீதரிலிருந்து வந்த சாஹிப் சந்த்; பிறப்பால் முடிதிருத்தும் சமூகத்தவர் என்கிறது மரபு.

இந்த விவரத்தை வேகமாகக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்துச் சாதி அடுக்கில் நாவிதர் எல்லோர் வீட்டுக்கும் தேவைப்பட்டவர். பிறப்பு, கல்யாணம், சாவு என எந்தச் சடங்கும் அவர் கத்தி படாமல் முடியாது. ஆனாலும் அவர் தாழ்ந்தவர். அப்படிப்பட்ட ஒருவர், கத்தியே தேவைப்படாத ஒரு சமூகத்தின் முதல் ஐவரில் ஒருவரானார். குருவே அந்த ஐவர் முன்னால் மண்டியிட்டு அவர்கள் கையால் தீட்சை பெற்றார். முடியை வெட்டாமல் விட்டதில் சாதிச் சடங்கை விட்டு வெளியே வந்ததும் சேர்ந்திருக்கிறது.

இது பின்னால் வந்தவர்கள் ஏற்றிச் சொன்ன விளக்கமோ என்று தோன்றலாம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த சைனாபதியின் 'குர் சோபா' என்ற காப்பியம் டெல்லியில் நடந்த ஒரு தகராறைச் சொல்கிறது. உறவினர் இறந்தால் மொட்டை போடும் சடங்குக்கு 'பத்தர்' என்று பெயர். கால்சாவில் சேர்ந்தவர்கள் அதைச் செய்ய மறுத்தார்கள். கத்ரி வணிக சமூகத்துப் பெரிய மனிதர்களுக்குக் கோபம். சாதி வழக்கத்தை மீறினார்கள் என்று அவர்களை ஒதுக்கிவைத்தார்கள். கடைத்தெருவே மூடப்படும் அளவுக்குப் பிரச்சினை வளர்ந்தது. தகப்பன் இறந்தால் மகன் மொட்டை போடாமல் இருப்பது எவ்வளவு பெரிய மீறல் என்பதைத் தமிழ் வாசகருக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. நம் ஊரிலும் கொள்ளி வைக்கும் மகனின் தலை மழிக்கப்படுகிறது.

பஞ்சாபில் இன்று என்ன நடக்கிறது என்று பாருங்கள். தந்தை இறந்து துக்கம் முடியும் நாளில் உறவினர் கூடி மூத்த மகனுக்குத் தலைப்பாகை கட்டுகிறார்கள். 'ரஸம் பகடி' என்று பெயர். வட இந்திய இந்துக் குடும்பங்களிலும் இந்த வழக்கம் உண்டு. ஆனால் சீக்கிய மகனின் தலையில் அந்தத் தலைப்பாகைக்குக் கீழே மழிக்கப்படாத முடி இருக்கிறது.

ஐந்து 'க' என்ற பட்டியலாக இது கெட்டிப்பட்டது பிற்காலத்தில்தான் என்று வரலாற்றாய்வாளர் பலர் சொல்கிறார்கள். இருக்கலாம். 1873-ல் அமிர்தசரஸில் தொடங்கிய சிங் சபா என்ற சீக்கியச் சீர்திருத்த இயக்கம் எல்லைகளை இறுக்கியது. ஆங்கிலேய ராணுவமும் சீக்கியப் படைப்பிரிவுகளில் சேருகிறவன் முடி வளர்த்த கால்சா சீக்கியனாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. இன்று ஒரு ராணுவம் தாடியை எடு என்கிறது, அன்று ஒரு ராணுவம் எடுக்காதே என்றது. இரண்டு ராணுவங்களுமே தங்கள் வசதியைத்தான் பார்த்தன. ஆனால் வெட்டாத முடி கால்சாவின் அடையாளம் என்பது ஆங்கிலேயர் பஞ்சாபில் காலெடுத்து வைப்பதற்கு நூறாண்டுக்கு மேல் முந்தியது.

'இயற்கையாக விடுவது' என்றால் என்ன?

சீக்கியர்கள் தரும் விளக்கத்தின் மையத்தில் 'ஹுக்கம்' என்ற சொல் இருக்கிறது. இறைவனின் ஆணை, இறைவனின் ஏற்பாடு என்று சொல்லலாம். அந்த ஆணைக்கு இசைந்து நட என்பது குரு நானக்கின் ஜப்ஜி என்ற பாடல் நூலில் முதல் பகுதியிலேயே வருகிறது. உடல் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. அதில் இது தேவை, இது தேவையில்லை என்று திருத்தம் போடும் உரிமையை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்பதே கேசம் காப்பவரின் நிலை. ஐந்தாவது குரு அர்ஜனின் ஒரு பாடலில் 'சாபத் சூரத்' என்ற தொடர் வருகிறது. குலையாத முழு உருவம் என்று அர்த்தம். கேசம் பற்றிய பேச்சில் அடிக்கடி காதில் விழும் தொடர் இது.

சரி, அப்படியானால் நகம் வெட்டுவது எப்படி? இது எல்லோரும் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. நகம் வேலை செய்யும்போது தானே தேயும், முடி ஓரளவு நீண்டதும் தானே நின்றுவிடும் என்று சிலர் பதில் சொல்வார்கள். எனக்கு அதைவிட நேரான பதில் ஒன்று உண்டு என்று தோன்றுகிறது. 'இயற்கையானது எதையும் தொடாதே' என்ற பொதுத் தத்துவத்திலிருந்து மட்டும் கேசம் வரவில்லை. குரு கேட்டது முடியை, நகத்தை அல்ல. குருவுக்கும் சீக்கியருக்கும் இடையே உள்ள உடன்படிக்கை அது. இயற்கை என்ற விளக்கம் அந்த உடன்படிக்கைக்குப் பொருள் சொல்கிறது, அதற்குப் பதிலாக நிற்கவில்லை. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் 'சோப்பு போடுவதும் இயற்கைக்கு விரோதம்தானே' என்கிற மாதிரியான வாதங்கள் முளைக்கின்றன.

இன்னொன்று. வெட்டாமல் விடுவது என்றால் கவனிக்காமல் விடுவது என்று அர்த்தமில்லை. கேசத்தோடு ஜோடியாக வருவது சீப்பு. தலையை இரண்டு வேளையும் வார வேண்டும், தலைப்பாகையைச் சுருள் சுருளாகப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று பழைய ஒழுக்க நூல்கள் சொல்கின்றன. பின்னணியைச் சேர்த்துப் பார்த்தால் இதன் கூர்மை தெரியும். அந்தக் காலத்தில் உலகத்தைத் துறந்தவர்களுக்கு இரண்டு தலை: ஒன்று மொட்டைத் தலை, இன்னொன்று சிக்குப் பிடித்த சடாமுடி. இரண்டுமே வீட்டை விட்டுப் போனவரின் அடையாளம். சீக்கியர் முடியை வளர்த்து, எண்ணெய் வைத்து, வாரி, கொண்டையாக முடிந்து, துணியால் மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறார். குடும்பத்துக்குள் இருந்தபடியே காக்கும் நோன்பு இது.

விதிகளில் இதே போக்கை இன்னும் இரண்டு இடத்தில் பார்க்கலாம். தாடிக்குச் சாயம் பூசுவது ரெஹத் மரியாதாவின்படி தண்டனைக்குரிய பிழை. அலங்காரத்துக்காக மூக்கு, காது குத்துவதும் கூடாது. நடைமுறையில் பஞ்சாபிக் கல்யாண வீட்டுக்குப் போனால் காது நிறையக் கம்மல் போட்ட பெண்களைப் பார்க்கலாம். சாயம் பூசிய தாடிகளும் கண்ணில் படும். எழுதிய விதியும் வாழும் வழக்கமும் எங்கேயும் ஒன்றாக இருந்ததில்லை.

எதிர்க்குரலும் புனித நூலுக்குள்ளேயே இருக்கிறது. குரு கிரந்த் சாஹிபில் இடம்பெற்ற கபீரின் ஒரு ஈரடி, அந்த ஒருவனிடம் அன்பு வைத்தால் இரட்டை மனம் போய்விடும், அப்புறம் நீ முடியை நீளமாக வளர்த்தாலும் சரி, மழித்தாலும் சரி என்கிறது. முடி வெட்டிய சீக்கியர்கள் இதை எடுத்துக் காட்டுவார்கள். கேசம் காப்பவர்கள், அன்பில்லாத வெறும் வேடத்தைத்தான் கபீர் சாடுகிறார் என்பார்கள். ஆளுக்கொரு பக்கம் நின்றாலும், வெறும் முடி போதாது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கேசமும் சுவாசமும்

தத்துவத்துக்காக மட்டும் ஒரு சமூகம் இவ்வளவு பிடிவாதமாக இருக்காது. ரத்தம் சிந்தியிருக்கிறார்கள்.

18ஆம் நூற்றாண்டில் லாகூரின் முகலாய ஆளுநர் ஜகரியா கான் காலத்தில் சீக்கியர்கள் வேட்டையாடப்பட்டார்கள். பலர் காட்டில் ஒளிந்திருந்தார்கள். பூஹ்லா கிராமத்தைச் சேர்ந்த தாரு சிங் என்ற இளம் விவசாயி அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார். யாரோ காட்டிக்கொடுக்க, பிடித்து லாகூருக்குக் கொண்டுபோனார்கள். மதம் மாறு, முடியைக் கொடு என்றார்கள். அவர் மறுத்தார். வெட்டத்தானே கூடாது என்கிறாய் என்று, முடியைத் தலைத்தோலோடு சேர்த்துச் சுரண்டி எடுத்தார்கள். 1745-ல் அவர் இறந்தார்.

உலகத்தில் எந்த குருத்வாராவுக்குப் போனாலும் வழிபாட்டின் முடிவில் எல்லோரும் எழுந்து நின்று 'அர்தாஸ்' என்ற பொது வேண்டுதலைச் சொல்வார்கள். அதில் உடலைக் கணு கணுவாக வெட்டக் கொடுத்தவர்கள், தலைத்தோலை உரிக்கக் கொடுத்தவர்கள், ரம்பத்தால் அறுபட்டவர்கள் நினைக்கப்படுகிறார்கள். சீக்கிய நெறியைக் 'கேசத்தோடும் சுவாசத்தோடும்' காத்தவர்கள் என்று அந்த வரி முடிகிறது. கேசம், சுவாசம் இரண்டும் நமக்கும் பழகிய சொற்கள் என்பதால் அந்த வரி மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கும்: மூச்சு இருக்கும்வரை முடி இருந்தது. ஆறு வயதுப் பிள்ளை ஒவ்வொரு நாளும் இதைக் கேட்டு வளர்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தலைமுடி ஒரு ஸ்டைலாக எப்படித் தோன்றும்?

இது பழைய கதை மட்டும் இல்லை. 1984 அக்டோபர் 31-ல் இந்திரா காந்தி கொல்லப்பட்ட பிறகு டெல்லியில் சீக்கியர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். டெல்லியில் மட்டும் 2,733 பேர் என்பது அரசு ஏற்ற கணக்கு. கூட்டத்தில் சீக்கியரை அடையாளம் காட்டியது தலைப்பாகையும் தாடியும்தான். உயிர் பிழைக்க வீட்டுக்குள்ளேயே கத்தரிக்கோலை எடுத்த குடும்பங்கள் பல. மகனின் முடியைத் தன் கையாலேயே வெட்டிய தாய்க்கு அந்த இரவு என்னவாக இருந்திருக்கும் என்று அர்தாஸின் அந்த வரியை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். 2001 செப்டம்பர் தாக்குதல் நடந்து நான்கே நாளில், அமெரிக்காவின் அரிசோனாவில் பல்பீர் சிங் சோதி தன் பெட்ரோல் பங்க் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரை முஸ்லிம் என்று நினைத்துச் சுட்டவன் பார்த்ததும் தலைப்பாகையையும் தாடியையும்தான்.

புருவத்தில் வந்து நின்ற வழக்கு

இப்போது 2009 தீர்ப்புக்கு வரலாம். அமிர்தசரஸில் சிரோமணி கமிட்டியின் கீழ் இயங்கும் மருத்துவக் கல்லூரி ஒன்றில் பாதி இடங்கள் சீக்கியர்களுக்கு. முடி வெட்டாத சீக்கியராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. விண்ணப்பித்தவர்களில் சிலர் புருவத்தை எடுத்திருந்தார்கள், சிலர் தாடியைக் கத்தரித்திருந்தார்கள் என்று இடம் மறுக்கப்பட்டது. பின்னாளில் இந்தியத் தலைமை நீதிபதியான ஜே.எஸ். கேஹர் உட்பட மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். வரலாறு, ஒழுக்க விதிகள், அர்தாஸ், சட்டம் என எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து, கேசத்தை வெட்டாமல் காப்பது சீக்கிய மதத்தின் அடிப்படைக் கூறுகளில் ஒன்று என்று முடிவு சொன்னார்கள். புருவம் சின்ன விஷயம், தாடி பெரிய விஷயம் என்று அளவு பிரிக்க மதத்தில் இடமில்லை என்பதே இதன் உட்பொருள்.

இதோடு பின்னிக்கிடப்பது வாக்குரிமைச் சண்டை. கால வரிசையில் சொன்னால் எளிது.

1. 1925: சீக்கிய குருத்வாராச் சட்டம். குருத்வாராக்களை, பரம்பரையாக அவற்றை வைத்திருந்த மகந்துகளின் பிடியிலிருந்து மீட்கப் பலர் உயிர்விட்ட போராட்டத்தின் விளைவு. நிர்வாகம் தேர்தலில் வெல்லும் கமிட்டிக்கு வந்தது. தேர்தல் என்றால் வாக்காளர் வேண்டும். வாக்காளர் என்றால் யார் சீக்கியர் என்று வரையறுக்க வேண்டும். 'பதித்' என்ற சொல் சட்டத்துக்குள் வந்தது இந்தத் தேவையிலிருந்துதான்.

2. 1959: திருத்தம் ஒன்றால் சஹஜ்தாரிகளுக்கு வாக்குரிமை வந்தது.

3. 2003 அக்டோபர் 8: மத்திய அரசு ஓர் அறிவிக்கையால் அதை எடுத்துவிட்டது.

4. 2011 டிசம்பர்: அறிவிக்கையால் சட்டத்தை மாற்ற முடியாது என்று உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

5. 2016: நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்தி, 2003-லிருந்தே செல்லும்படி சஹஜ்தாரிகளின் வாக்குரிமையை நீக்கியது.

இரண்டு தரப்புக்கும் வாதம் உண்டு. கேசம் காக்காதவர்கள் வாக்களித்தால் குருத்வாரா நிர்வாகத்தைக் குருவின் ஒழுக்கத்தில் அக்கறையில்லாதவர்கள் பிடித்துவிடலாம் என்ற பயம் கற்பனை இல்லை. மகந்துகள் காலத்து அனுபவம் அது. மறுபக்கம், முடி வெட்டிய ஒருவர் தினமும் குருமார்களின் பாடல்களைப் பாடி, லங்கர் என்ற பொதுச் சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவி, பிள்ளைக்குச் சீக்கியப் பெயர் வைத்து வாழ்ந்தாலும் அவருக்கு வாக்கில்லை. என் பார்வையில், குருத்வாராவை நிர்வகிக்க வருகிறவருக்கு ஒழுக்க நிபந்தனை வைப்பது நியாயம். ஆனால் பதினெட்டு வயதுப் பெண்ணின் புகைப்படத்தில் புருவத்தைப் பெரிதாக்கிப் பார்த்து டாக்டர் படிப்பைத் தீர்மானிப்பது வேறு. உள்ளிருந்து எடுக்கும் நோன்பை அது தேர்வு மதிப்பெண் மாதிரி ஆக்கிவிடுகிறது. இடம் கிடைக்கும்வரை புருவத்தை வளர்த்துக் காத்திருப்பவரால் மரபுக்கு என்ன பலம் சேரும்?

பெண்களின் முகம்

விதி ஆண், பெண் இருவருக்கும் ஒன்றே. சுமை ஒன்றில்லை.

ஆணின் வெட்டாத முடிக்கு ஊரில் மதிப்பு இருக்கிறது. தாடி வீரம், தலைப்பாகை கௌரவம். மன்மோகன் சிங் பத்தாண்டு பிரதமராக இருந்தபோது அவருடைய நீலத் தலைப்பாகையும் வெள்ளைத் தாடியும் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. ஒரு பெண்ணின் மேலுதட்டில் மெல்லிய முடி இருந்தால் சொந்தக்காரர்களே கேட்பார்கள். பஞ்சாபில் பியூட்டி பார்லர் இல்லாத கடைத்தெரு இல்லை, த்ரெட்டிங் இல்லாத பார்லரும் இல்லை. கேசம் காக்கும் மாப்பிள்ளைக்குப் பெண் தேடும் வீட்டிலேயே 'பெண் பார்க்க நன்றாக இருக்க வேண்டும்' என்பார்கள். அந்த 'நன்றாக' என்பதற்குள் திருத்திய புருவம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

அதனால்தான் 2012-ல் கேலிக்கு உள்ளான அந்த மாணவியின் பதில் இவ்வளவு தூரம் பரவியது. அவர் கோபப்படவில்லை. படம் எடுப்பதாகச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன் என்கிற தொனியில் தொடங்கி, தாய்தகப்பன் கொடுத்த பரிசைப் பிள்ளை வேண்டாம் என்று தள்ளாதது போல, தனக்குக் கொடுக்கப்பட்ட உடலைத் தானும் திருத்துவதில்லை என்று விளக்கினார். தோற்றத்தில் கவனம் போகாததால் செயலுக்கு நேரம் மிஞ்சுகிறது என்றும் எழுதினார். படத்தைப் போட்டவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்; சீக்கியம் பற்றிப் படித்ததாகவும் சொன்னார்.

பிரிட்டனின் ஹர்னாம் கவுர் கதை வேறு வகை. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையால் பதின்ம வயதிலேயே முகத்தில் தாடி வளர்ந்தது. பள்ளியில் கேலி, வீட்டைவிட்டு வெளியே வரமுடியாத நிலை, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம். பதினாறு வயதை ஒட்டி அம்ரித் தீட்சை பெற்று, தாடியை நீக்குவதை நிறுத்தினார். முழுத் தாடி கொண்ட மிக இளைய பெண் என்று பின்னர் கின்னஸ் பதிவிலும் இடம்பிடித்தார். எல்லாப் பெண்களும் அவரைப் போல நிற்க வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. மழிக்கச் சொல்லும் உலகத்துக்கு எதிராக ஒரு பெண் பிடித்து நிற்க அவருடைய மரபு ஒரு கைப்பிடி கொடுத்தது என்பதை மட்டும் சொல்லலாம்.

தலைப்பாகையிலும் இதே சமத்துவப் பேச்சு உண்டு. அகண்ட் கீர்த்தனி ஜதா என்ற பிரிவினர், ஐந்து 'க'வில் கேசத்தின் இடத்தில் 'கேஸ்கி' என்ற சிறு தலைப்பாகையை வைக்கிறார்கள். அதனால் அவர்களில் பெண்களும் கட்டாயம் தலைப்பாகை கட்டுகிறார்கள். அந்தப் பிரிவுக்கு வெளியிலும், குறிப்பாக வெளிநாடுகளில், தலைப்பாகை கட்டும் இளம்பெண்களைப் பார்க்க முடிகிறது.

அரசும் சீருடையும்

இதைச் சுருக்கமாகவே பார்க்கலாம், ஏனென்றால் எல்லா நாட்டிலும் கேள்வி ஒன்றுதான்: பொதுவிதிக்கு விலக்குத் தரலாமா?

1. பிரிட்டன்: தலைப்பாகை கட்டியவர்களுக்கு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டிலிருந்து 1976-ல் விலக்கு வந்தது. தலைப்பாகையை எடுத்து முடியை வெட்டினால்தான் சேர்ப்போம் என்ற பர்மிங்காம் பள்ளிக்கு எதிராக 1983-ல், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. சீக்கியர்கள் ஓர் இனக்குழு, இனப்பாகுபாட்டுச் சட்டம் அவர்களையும் காக்கும் என்றது.

2. கனடா: குதிரைப்படைக் காவல் என்று பெயர் கொண்ட தேசியக் காவல்துறையில் தலைப்பாகையை 1990-ல் அனுமதித்தது.

3. இந்தியா: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவு தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு விலக்குத் தருகிறது. 2023 தொடக்கத்தில் சீக்கிய வீரர்களுக்கென்றே வடிவமைத்த குண்டு துளைக்காத ஹெல்மெட்டை ராணுவம் வாங்க முனைந்தபோது சீக்கியரின் உயர் மதபீடமான அகால் தக்த் எதிர்த்தது. பாதுகாப்பா, அடையாளமா என்ற விவாதம் சீக்கிய முன்னாள் படைவீரர்களையே இரண்டாகப் பிரித்தது.

4. அமெரிக்கா: 1981-ல் விதி இறுகியது. 2010-ஐ ஒட்டித் தனிநபர்களுக்கு விலக்குகள் வரத் தொடங்கின. 2017-ல் தரைப்படையில் நடைமுறை எளிதானது. 2022 டிசம்பரில் மரைன் பிரிவுக்கு எதிரான வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சீக்கியர் பக்கம் நின்றது. 2025 உத்தரவு 2010-க்கு முந்தைய அளவுகோலைப் பேசுகிறது. அதாவது ஏறக்குறைய விலக்கே இல்லாத காலத்தை.

தாடி இருந்தால் வாயு முகமூடி முகத்தோடு ஒட்டாது என்பது ராணுவங்கள் சொல்லும் காரணம். இதே சிக்கல் கோவிட் காலத்தில் மருத்துவமனைகளில் வந்தது. 2020-ல் மாண்ட்ரியலில் சகோதரர்களான இரண்டு சீக்கிய மருத்துவர்கள் குடும்பத்தோடும் பெரியவர்களோடும் பேசிப் பார்த்து, நோயாளிகளைக் கைவிட முடியாது என்று தாடியை மழித்தார்கள். சேவையும் சீக்கிய நெறியின் தூண்தான். இரண்டில் ஒன்றைக் கொடுக்க வேண்டி வந்தபோது அவர்கள் கேசத்தைக் கொடுத்தார்கள். மழித்தது தங்களை உலுக்கிவிட்டது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. பிரிட்டனில் சீக்கியப் பல்மருத்துவர்கள் வேறு வழி தேடினார்கள். தாடியை மடித்து அடக்க வீட்டில் கட்டும் துணிக்குப் பஞ்சாபியில் 'டாட்டா' என்று பெயர். அதே முறையில் நீளும் ரப்பர் பட்டையால் தாடியை இறுக்கி மூடி, அதன்மேல் முகமூடி போட்டுச் சோதித்தார்கள். பெரும்பாலோருக்குக் கசிவு இல்லாமல் பொருந்தியது. தாடியா, முகமூடியா என்று அதற்கு முன்பே கேள்வியை மூடிவைத்தவர்கள் இப்படி ஒரு வழி இருக்குமா என்று தேடியிருக்கவில்லை.

பஞ்சாபிலேயே தேய்வது

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சீக்கியர்கள் சுமார் 2.08 கோடி. வெளியிலிருந்து வரும் தடையைவிடப் பெரிய கவலை வீட்டுக்குள் இருக்கிறது. பஞ்சாப் கிராமங்களிலேயே இளைஞர்கள் முடியை வெட்டிக்கொள்கிறார்கள். வெளிநாட்டில் வேலை கிடைக்காதோ என்ற பயம், சினிமாக் கதாநாயகன், பள்ளியில் கேலி, வெயில் என்று காரணங்கள் பல. காலையில் அரைமணி நேரம் செலவழித்துத் தலைவாரிவிட வீட்டில் ஆளில்லை என்பதும் காரணம். இந்தக் கடைசிக் காரணத்தை மேடைகளில் யாரும் பேசுவதில்லை. ஆனால் இடுப்புவரை முடி உள்ள ஏழு வயதுப் பையனை வேன் வருவதற்குள் பள்ளிக்குக் கிளப்பிய எந்த அம்மாவுக்கும் அது தெரியும்.

மரச்சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்து, சீப்பில் வந்த முடியைக் காலில் படாமல் சேர்த்து வைத்து, உச்சியில் கொண்டை முடிந்து, சின்னப் பையன் என்றால் 'பாட்கா' துணி கட்ட வேண்டும். பெரியவன் என்றால் ஐந்து ஆறு மீட்டர் மெல்லிய பருத்தித் துணி. அதை அப்படியே கட்ட முடியாது. முதலில் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, விறைப்பாக இழுத்து, நீளவாக்கில் மடிக்க வேண்டும். 'பூணி' என்பார்கள். வீட்டில் அப்பா ஒரு முனை, மகன் ஒரு முனை; பேச்சும் நடக்கும், மடிப்பும் விழும். கட்டி முடித்ததும் நெற்றியோரம் வெளியே தெரியும் முடியை 'சலாயி' என்ற மெல்லிய கம்பியால் உள்ளே தள்ளுவார்கள். ஒரு முடியையும் கத்தரிக்காமல் எல்லாவற்றையும் உள்ளே அடக்கும் வேலை.

கனடாவின் பிராம்ப்டனிலும் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலும் தனியறையில் தங்கிப் படிக்கும் பையனுக்கு மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. அவன் துணியின் ஒரு முனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டிவிட்டு, மறுமுனையைக் கையில் பிடித்து அறையின் கடைசிவரை பின்னால் நகர்ந்து போய் மடிப்பை எடுக்கிறான். தலைப்பாகை கட்டக் கற்றுத்தரும் காணொளிகளில் இப்போது அந்தக் கைப்பிடியும் பாடத்தில் சேர்ந்திருக்கிறது.